பெயர்ப் பட்டியலைத் தாண்டிப் போகாதீர்கள்

ஈரோடு, கோவைப் பக்கம் சம்பந்தம் பேசும்போது முதலில் "என்ன கூட்டம்?" என்று குலத்தைத்தான் விசாரிப்பார்கள். வம்சத்துக்கு இவ்வளவு மதிப்புத் தரும் நாம், இயேசுவின் வம்சப் பட்டியல் வரும் வேதாகமத்தின் மத்தேயு முதல் அதிகாரத்தை மட்டும் ஏன் புரட்டிவிட்டுப் போக வேண்டும்? குடும்ப ஜெபத்தில் ஒருவர் அதைச் சத்தமாக வாசிக்கட்டும்; மற்றவர்கள் தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி ஆகியோரைப் பென்சிலால் அடிக்கோடிடட்டும். ராகாப் எரிகோவின் விலைமகள், ரூத் வேற்றினத்தாளான மோவாபியப் பெண். இருவரையும் ஆண்டவர் விலக்கவில்லை.

11, 12-ஆம் வசனங்களில் கட்டாயம் நிறுத்துங்கள். அரசு போயிற்று, ஆலயம் எரிந்தது, தாவீதின் வம்சத்தில் வந்த யூதாவின் ராஜா எகொனியா பாபிலோனில் கைதி. ஆனாலும் அடுத்த வரியிலேயே அவனுக்குச் சலாத்தியேல் பிறக்கிறான்! வம்சம் நிலைக்கும் என்று ஆண்டவர் தாவீதுக்குக் கொடுத்த வாக்கு அறுபடவில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கூடவே 2 இராஜாக்கள் 25:27-30 வாசியுங்கள். அங்கே எகொனியாவின் பெயர் யோயாக்கீன் என்று இருக்கும்.