ஞாயிறு சங்கீதத்தைத் திங்கட்கிழமையே திறந்துவிடுங்கள்

வேதாகமத்தில் உள்ள 150 சங்கீதங்களில், அதாவது ஜெபப் பாடல்களில், மனம்போல் தேர்ந்தெடுத்து வாசித்தால் நாம் 23, 91, 121 ஆகியவற்றைத் தாண்டமாட்டோம். மற்ற 147 என்ன பாவம் செய்தன? ஆகவே முதல் வேலையாக, தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் திருச்சபை நாட்காட்டியிடம் ஒப்படைத்துவிடுங்கள். எந்த ஞாயிற்றில் வேதாகமத்தின் எந்தப் பகுதியை வாசிப்பது என்று சொல்லும், 1992-இல் வெளிவந்த மூன்றாண்டு வாசகப் பட்டியலைச் சிங்கப்பூரில் உள்ள எங்கள் சபையில் பின்பற்றுகிறோம். 1969-இல் கத்தோலிக்கத் திருச்சபை வகுத்த ஒழுங்கைத் தழுவியே அதை அமைத்தார்கள். அதனால் ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்துக்குப் போகும் என் நண்பருக்கும் எனக்கும் பல ஞாயிறுகளில் ஒரே சங்கீதம்தான் வரும். லிட்டில் இந்தியா பகுதியான தேக்காவில் தேநீர் குடித்தபடி அதைப் பற்றி வாதாட வசதியாக இருக்கிறது.

திங்கள் இரவே வாய்விட்டு வாசியுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சுவருக்கு அப்பால் கேட்குமோ என்று கூச வேண்டாம். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி நமக்குக் கேட்கவில்லையா? அடுத்து, பென்சிலால் யார் யாரிடம் பேசுகிறார் என்று குறியுங்கள். ஈஸ்டர் நான்காம் ஞாயிற்றில் ஆண்டுதோறும் வரும் 23-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். புல்வெளியிலும் தண்ணீரண்டையிலும் தாவீது கடவுளை 'அவர்' என்றே சொல்லிக்கொண்டு போகிறார். மரண இருளின் பள்ளத்தாக்கில் கால் வைத்ததும், "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று நேருக்கு நேர் பேசத் தொடங்குகிறார். செழிப்பில் கடவுளைப் பற்றிப் பேசியவர், இருளில் கடவுளோடு பேசுகிறார். மனப்பாடமாக ஒப்புவிக்கிறவர்களுக்கு இந்தத் திருப்பம் கண்ணில் படாது.

பட்டியலில் வசன எண்களையும் உற்றுப் பாருங்கள். பரிசுத்த ஆவி இறங்கியதை நினைவுகூரும் பெந்தெகொஸ்தே நாளுக்கு 104-ஆம் சங்கீதம் 24 முதல் 34 வரை, பிறகு 35-இன் பிற்பகுதி மட்டும் என்று இருக்கும். நடுவில் விட்டுப்போன பாதி வசனம், பாவிகள் பூமியிலிருந்து நிர்மூலமாவதைச் சொல்கிறது. ஆலயத்தில் பட்டியல்படியே வாசியுங்கள்; வீட்டில் விடுபட்டதையும் சேர்த்து வாசியுங்கள். அந்தக் கசப்பை நீக்கிவிட்டால் சங்கீதம் கொஞ்சம் அதிகமாகவே இனித்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு, பாவமன்னிப்புக் கேட்டு மன்றாடும் 51. அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பெரிய வெள்ளிக்கு 22. இங்கே அன்று பொது விடுமுறை என்பதால் ஆராதனைக்கு முன் நேரம் கிடைக்கும். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்பதிலிருந்து 21-ஆம் வசனம் வரை வாசித்து நிறுத்துங்கள். துதியாக மாறும் மீதிப் பகுதியைத் தொடாதீர்கள். ஈஸ்டர் காலைவரை அது காத்திருக்கட்டும். மூன்றாண்டுச் சுழற்சியின் இரண்டாம் ஆண்டில் ஈஸ்டர் ஐந்தாம் ஞாயிற்றுக்குப் பட்டியலே அந்தக் கடைசி வசனங்களைத் திரும்பக் கொண்டுவரும்.

ஊரின் வானிலையையும் துணைக்கு அழையுங்கள். இயேசுவின் ஞானஸ்நானத்தை நினைவுகூரும் ஜனவரி ஞாயிற்றில் எல்லா ஆண்டும் 29-ஆம் சங்கீதம்தான். வடகிழக்குப் பருவமழை இன்னும் ஓய்ந்திராது. "கர்த்தருடைய சத்தம் தண்ணீர்களின்மேல் தொனிக்கிறது" என்ற வரியை ஜன்னலைத் திறந்துவைத்தே வாசிக்கலாம்.

சோர்வு தட்டுவது, பெந்தெகொஸ்தேக்கு அடுத்த திரித்துவ ஞாயிற்றுக்குப் பின் வரும் நீண்ட மாதங்களில்தான். திருச்சபையின் பெரிய பண்டிகையும் இல்லை, அதற்கான விடுமுறையும் இல்லை. அப்போது முழுச் சங்கீதத்தோடு மல்லுக்கட்டாமல், ஒரு வசனத்தை எம்ஆர்டி ரயில் பயணத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் வேண்டாம், தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் அந்தத் தாளைத் தேதியிட்டு நோட்டில் ஒட்டி, கீழே உங்கள் சொந்த வரி ஒன்றை எழுதுங்கள். ஒன்று போதும், இரண்டாவது வரி பெரும்பாலும் பிரசங்கமாகிவிடும்.