ஐந்துக்கு ஏழு டைல் ஹாலில் நல்ல ஒலி

செம்பூரில் எங்கள் ஹால் அகலத்தில் ஐந்து டைல், நீளத்தில் ஏழு டைல். ஒரு டைல் இரண்டடி என்பதால் பத்தடிக்குப் பதினாலடி. அதற்குள் சோபா, டிவி, அம்மாவின் பூஜை அலமாரி, துணி காயப்போடும் ஸ்டாண்டு, என் இரண்டு ஸ்பீக்கர். மும்பையில் இதற்கே பெரிய ஹால் என்று பெயர்.

மூன்று வருஷமாக எனக்கு அந்த ஸ்பீக்கரில் திருப்தி இல்லை. மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்த நாதம் தரும் பக்கம், ஒரேயடியாகக் குமுறும். பாடுகிறவர் எங்கோ டிவிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பாடுவார். கடைக்காரர் ஒருவர் ஒயரை மாற்றச் சொன்னார். 9,000 ரூபாய்க்கு மாற்றினேன். குமுறல் அசையவில்லை. பிறகு ஒரு தீபாவளிக்குச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க எல்லாச் சாமானையும் நடு ஹாலுக்கு இழுத்துப் போட்டோம். பொழுது போக ஒரு கச்சேரியைப் போட்டால், குமுறலில் பாதியைக் காணோம்! ஸ்பீக்கர் அதேதான், ஒயர் அதேதான். இடம் மட்டும்தான் வேறு.

ஆகவே புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் கீழே உள்ளதைச் செய்து பாருங்கள். ஒரு ஞாயிறு மதியம், இன்ச் டேப், பெயிண்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப், கையில் பிடிக்கும் அளவு முகம் பார்க்கும் கண்ணாடி, உதவிக்கு ஓர் ஆள். இவ்வளவு போதும்.

படி 1: பரீட்சைக்கு இரண்டு பாட்டு

ஒன்று, பழைய மோனோ கச்சேரிப் பதிவு. பழசு என்று ஒதுக்காதீர்கள், ஸ்பீக்கர் வைக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. மோனோவில் இரண்டு ஸ்பீக்கருக்கும் போவது ஒரே ஒலிதான். அதனால் எல்லாம் சரியாக இருந்தால் குரல் இரண்டுக்கும் நட்டநடுவில், வெறும் காற்றிலிருந்து வர வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்தாலோ, ஹால் முழுக்கப் பரவினாலோ எங்கோ கோளாறு.

இன்னொன்று, தம்பூரா நன்றாகக் கேட்கும் ஸ்டீரியோ பதிவு. தம்பூராவின் குதிரைக்கும் (தந்திகளைத் தாங்கும் கட்டை) தந்திக்கும் நடுவே ஒரு நூலைச் செருகி அந்த ரீங்காரத்தை வரவழைக்கிறார்கள். ஸ்பீக்கர் சரியில்லாதபோது முதலில் செத்துப்போவது அந்த ரீங்காரம்தான்.

நிஜ ஒலியும் காதில் இருக்க வேண்டும். மும்பையின் சண்முகானந்தா அரங்கில் 2,700-க்கும் மேல் இருக்கைகள். அங்கே நாம் கேட்பதும் மைக், ஸ்பீக்கர் வழியாக வருவதைத்தான். செம்பூர் செட்டா நகர் முருகன் கோயிலில் மைக் இல்லாமல் தவில் வாசித்தால் பக்கத்தில் போய் ஐந்து நிமிஷம் நில்லுங்கள்.

படி 2: சிவப்பும் கறுப்பும்

ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு முனை ஸ்பீக்கரின் சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. ஒரு பக்கம் மட்டும் மாறிப்போனால் ஒரு வூஃபர் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய கூம்பு) முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, ஒன்றையொன்று தின்றுவிடும், நடுவில் குரல் நிற்காது. சந்தேகம் இருந்தால் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியின் பிளஸ் முனையைச் சிவப்பு ஒயரிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். வூஃபர் வெளியே துள்ளினால் சரி.

ஒயர் விலை பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல் கலந்ததுதான். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் மூன்று மீட்டர் ஓடினால், போக வர அதன் தடை சுமார் 0.07 ஓம். ஸ்பீக்கரோ எட்டு ஓம். இதில் 9,000 ரூபாய்க்கு என்ன வேலை?

படி 3: டைல் கணக்கு

அதிக நேரம் இதற்குத்தான். ஸ்பீக்கர்கள் ஐந்து டைல் அகலச் சுவரோரம், ஹாலின் நீளத்தைப் பார்த்து நிற்கட்டும். பக்கச் சுவரிலிருந்து ஒரு டைல், இரண்டுக்கும் இடையே மூன்று டைல், பின்சுவரிலிருந்து ஒரு டைல். மூலையில் மட்டும் வேண்டாம். தாழ்ந்த ஒலி ஸ்பீக்கருக்குப் பின்பக்கமும் பரவும். மூலையில் இரண்டு சுவரும் தரையுமாக மூன்று பக்கமிருந்து திரும்பி வந்து சேர்ந்துகொள்ளும். எங்கள் வீட்டுக் குமுறலில் பாதி அதுதான்.

மீதிப் பாதி சோபா. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 344 மீட்டர் ஓடும். பதினாலடி ஹாலில் சுவருக்குச் சுவர் போய்த் திரும்ப 8.5 மீட்டர். 344-ஐ 8.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 40. அதாவது 40 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 40 அதிர்வு) ஒலி வரும்போதெல்லாம், ஊஞ்சலைச் சரியான சமயத்தில் தள்ளினமாதிரி இந்த ஹால் அதைத் தூக்கிவிடும். 80, 120-க்கும் இதே கதை. இந்த ஊஞ்சல் சுவரோரத்தில்தான் உச்சம். நம் வீடுகளில் சோபா எங்கே இருக்கும்? சுவரோடு ஒட்டி. நட்டநடுவிலும் உட்கார முடியாது, அங்கே 40 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய காணாமல் போகும்.

எனவே காது, ஸ்பீக்கர் பக்கத்துச் சுவரிலிருந்து நாலேகால் டைல் தள்ளி இருக்கும்படி ஒரு நாற்காலி போடுங்கள். அங்கிருந்து முன்னும் பின்னும் அரை டைல் நகர்ந்து கேளுங்கள். தொப்பியில் கும்கி (கையால் அழுத்தித் தேய்த்து நாதத்தை வளைப்பது) வரும்போது அந்த வளைவு காதுக்குத் தனியாகத் தெரிய வேண்டும், வெறும் "பொம்" என்று உருளக் கூடாது. தெரியும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். "கல்யாண மண்டபமா இது, நடு ஹால்ல நாற்காலி?" என்றார் அம்மா. கேட்கும்போது மட்டும் போட்டு எடுத்துவிடுவதாக ஒப்பந்தம்.

படி 4: உயரம், திருப்பம்

ட்வீட்டர் (உயர்ந்த ஒலி தரும் சின்னக் கூம்பு) காது மட்டத்தில். ஸ்டாண்டு இல்லையென்றால் உறுதியான ஸ்டூல் போதும். ஸ்பீக்கர் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் பக்கம் திருப்பி, மோனோ குரல் நடுவில் கெட்டியாக நிற்கும்போது விடுங்கள்.

படி 5: கண்ணாடி வித்தை

நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். உதவியாள் பக்கச் சுவரில் கண்ணாடியை ஒட்டிப் பிடித்தபடி நகரட்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடத்தில்தான் ஒலி சுவரில் பட்டு உங்கள் காதுக்கு வருகிறது. அங்கே புத்தக அலமாரியோ கனமான திரைச்சீலையோ வந்தால் பாட்டில் சொல் தெளியும். தரைக்கு ஜமக்காளம் பாதி வேலைதான் செய்யும். தடித்த கம்பளம் இன்னும் நல்லது.

படி 6: வால்யூம்

இரண்டு ஸ்பீக்கரையோ, இரண்டு இடத்தையோ ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்கட்டும். சத்தத்தின் அளவு ஒரு டெசிபெல் கூடினாலே காது "இது நல்லாருக்கு" என்று ஓட்டுப் போட்டுவிடும். போனில் இலவச டெசிபெல் ஆப் போதும்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் மெதுவாக வைத்தால் பேஸ் போய்விட்டதே என்று பதறாதீர்கள். சத்தம் குறையும்போது தாழ்ந்த ஒலி நமக்கு இன்னும் குறைவாகக் கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டினார்கள். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் "லவுட்னஸ்" பட்டன் இருப்பது இதற்காகத்தான். இரவில் போடுங்கள், பகலில் எடுத்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் குறை இருந்தால் மும்பையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான லாமிங்டன் ரோட்டுக்குப் போங்கள். பழைய ஸ்பீக்கர் வாங்குவதானால் முன்துணியைக் கழற்றி, வூஃபரைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். ஸ்பாஞ்ச் வளையம் நம் ஊர் ஈரத்தில் உதிர்ந்து கையோடு வரும். ரப்பர் வளையம் தாக்குப்பிடிக்கும்.

கடைசியாக, ஸ்பீக்கரின் நான்கு மூலைக்கும் நாற்காலியின் கால்களுக்கும் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டிவையுங்கள். எங்கள் வீட்டு பாய் (படுக்கும் பாய் இல்லை, வேலைக்கு வரும் அம்மா) முதல் வாரம் தரை துடைக்கும்போது இரண்டு ஸ்பீக்கரையும் பத்திரமாக மூலைக்கே தள்ளிவிட்டுப் போயிருந்தார். டேப் ஒட்டியபின் துடைத்துவிட்டு அவரே கோட்டில் வைக்கிறார், என்னைவிட ஒழுங்காக.