சேற்றுக் குமிழியா, எரிவாயுக் கசிவா? லேசர் கொண்டு மெத்தேனின் பிறப்பிடம் அறிதல்

கடலூர் மாவட்டத்துப் பிச்சாவரம் உப்பங்கழியில் துடுப்பைச் சேற்றில் ஊன்றினால் குமிழிகள் கிளம்பும். அவற்றில் நுண்ணுயிரிகள் உண்டாக்கிய மெத்தேன் இருக்கும். காவிரிப் படுகையின் ஆழத்தில் வெப்பத்தால் விளைந்த எரிவாயுவிலும் இருப்பது அதே மெத்தேன்தான். இரண்டையும் பிரித்துக் காட்டுவது, கார்பனில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்திருக்கும் கனமான கார்பன்-13. நுண்ணுயிரிகள் இலேசான கார்பன்-12ஐயே எளிதில் எடுத்துக்கொள்வதால், பொதுத் தரத்தோடு ஒப்பிடும் ‘டெல்டா’ அளவில் சதுப்பு மெத்தேன் சுமார் −60‰ (ஆயிரத்துக்கு 60 குறைவு), எரிவாயு பெரும்பாலும் −50 முதல் −30‰ வரை, நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள மெத்தேன் −47‰ என வேறுபடும்.

முதலில் மாதிரி. காற்று அசையாத விடியற்காலையில், கரையிலிருந்து வெவ்வேறு தொலைவுகளில் ஆறேழு பைகளை நிரப்புங்கள். சேற்றின் அழுகிய முட்டை நாற்றத்தை அலட்சியம் செய்ய வேண்டாம். அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு கார்பன்-13 அளவீட்டைக் கெடுத்துவிடும் என்பதால், செம்புத் துருவல் அடைத்த குழாய் வழியாகவும், பிறகு ஈரம் உறிஞ்சும் உலர்த்தி வழியாகவும் வாயுவைச் செலுத்துங்கள்.

அடுத்தது கருவி. கண்ணாடிகளுக்கிடையே ஆயிரக்கணக்கான முறை எதிரொளித்து, சிறு அறைக்குள்ளேயே கிலோமீட்டர் கணக்கில் ஓடும் லேசர் ஒளி, லேசரை நிறுத்தியதும் எவ்வளவு விரைவில் மங்குகிறது என்பதைக் கருவி அளக்கும். கார்பன்-12 கொண்ட மெத்தேனும் கார்பன்-13 கொண்ட மெத்தேனும் சற்றே வேறுபட்ட அலைநீளங்களில் ஒளியை உறிஞ்சுவதால் விகிதம் கிடைக்கிறது. டெல்டா தெரிந்த இரண்டு வாயுக்களை முன்னும் பின்னும் ஓட்டிச் சரிபாருங்கள். முந்தைய பையின் மிச்சம் குழாயில் தங்கியிருக்கும் என்பதால் ஒவ்வொரு பையிலும் தொடக்க அளவீடுகளைத் தள்ளிவிடுங்கள்.

பையில் வரும் எண் மூலத்தின் எண் அல்ல. அது காற்றோடு கலந்த எண். ஆகவே மெத்தேன் செறிவின் தலைகீழைக் (1/செறிவு) கிடை அச்சிலும் டெல்டாவைச் செங்குத்து அச்சிலும் குறித்து நேர்கோடு இழுங்கள். எடுத்துக்காட்டாக, 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) மெத்தேன் உள்ள காற்று −47 எனவும், 4 பிபிஎம் காற்று −53.5 எனவும் வந்தால், கோடு செங்குத்து அச்சை −60இல் வெட்டும். அதுவே மூலம். இது கீலிங் வரைபடம் எனப்படும்.

விடை −45 என்று வந்தாலும் எரிவாயு என்று உடனே எழுதிவிடாதீர்கள். மண்ணில் மெத்தேனைத் தின்னும் பாக்டீரியா இலேசானதை முதலில் தின்பதால், மிச்சம் கனமாகிவிடும். ஆழத்து எரிவாயுவில் மெத்தேனோடு கலந்து வரும் ஈத்தேனும் சேர்ந்து உயர்ந்தால்தான் எரிவாயு என்ற சந்தேகம் வலுப்படும். நெய்வேலியில் உள்ளது போன்ற பழுப்பு நிலக்கரியிலோ சிக்கல் வேறு: அதிலும் நுண்ணுயிரிகள் ஈத்தேன் இல்லாத மெத்தேனை உண்டாக்கக்கூடும். பழைய கார்பனா புதியதா என்பதைக் காலப்போக்கில் சிதைந்து மறையும் கதிரியக்கக் கார்பன்-14 தான் சொல்லும். அதற்காகக் குமிழி வாயுவில் ஒரு பையைத் தனியே எடுத்து வையுங்கள்.