அணையில் எறா, நண்டு பிடிக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

யூடியூபில் ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர் பண்ணைக் குட்டையில் கூண்டு வலையை இறக்குவார். கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கினால் உள்ளே கொடுக்கை விரித்துக்கொண்டு, பெரிய எறா மாதிரி இருக்கும் கிரேஃபிஷ் என்கிற நன்னீர் உயிர் கும்பலாகக் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு அதே மாதிரி மடக்குக் கூண்டை ஆன்லைனில் வாங்கி, கோழிக் குடலை இரையாகக் கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தென்பெண்ணையின் குறுக்கே இருக்கும் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்கும் பாரூர் ஏரிக்கும் கிளம்புகிற பையன்கள் உண்டு. ஆசையில் தப்பில்லை. கரையில் இறங்கியதும்தான் வினை ஆரம்பிக்கிறது. தேடி வந்த உயிர் அங்கே இல்லை. தேடாத ஆள் ஒருவர் வந்து காசு கேட்கிறார்.

இல்லாததைத் தேடுவது

இந்தியாவின் ஆறு, ஏரி எதிலும் கிரேஃபிஷ் இயற்கையாகக் கிடையாது. வீடியோவில் வரும் யாபி ஆஸ்திரேலியாவின் உயிர். தென்பெண்ணையில் கூண்டு போட்டால் சிக்குவது ஆற்று நண்டு, பொடி எறா, ஜிலேபிக் குஞ்சு, கெளுத்தி, அதிர்ஷ்டம் கெட்டிருந்தால் ஆமை.

பெரிய எறா சிக்கினால்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. காவிரியின் பெரிய நன்னீர் எறா வளர்வது ஆற்றில் என்றாலும், அதன் குஞ்சு பிழைக்க முகத்துவாரத்தின் உப்புக் கலந்த தண்ணீர் வேண்டும். சினை எறா கீழே இறங்க வேண்டும், குஞ்சு மேலே ஏறி வர வேண்டும். 1934இல் மேட்டூரில் குறுக்கே அணை எழுந்த பிறகு அந்த வழி அடைபட்டுப் போனது. தென்பெண்ணையிலும் கே.ஆர்.பி., அதற்குக் கீழே சாத்தனூர் என்று அணைகள் வரிசையாக நிற்கின்றன. ஆகவே அணைக்கு மேலே பெரிய எறா அகப்பட்டால், பெரும்பாலும் யாரோ பணம் போட்டுப் பொரிப்பகத்திலிருந்து வாங்கி விட்ட குஞ்சு வளர்ந்தது அது. “ஆத்துல தானா வளர்றது, யாருக்கு என்ன நஷ்டம்” என்கிற வாதம் எறா விஷயத்தில் நிற்காது. கட்லா, ரோகு கதையும் அநேகமாக இதுதான். நண்டு மட்டும் வேறு. நம் ஆற்று நண்டுக்குக் கடல் வேண்டாம். தாயின் வயிற்று மடிப்புக்குள்ளேயே குஞ்சுகள் முழு நண்டாகப் பொரிந்து வெளியே வரும். அதனால்தான் மடியில் குஞ்சோடு இருக்கும் நண்டைத் திரும்ப விடச் சொல்கிறார்கள். அதை எடுத்தால் அடுத்த வருஷத்து நண்டையும் சேர்த்து எடுத்த மாதிரி.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கலாம். மீன் தொட்டிக் கடையில் கிரேஃபிஷ் வாங்கி வளர்த்து, அலுத்ததும் ஏரியில் விட்டுவிடுவது. “பெருகினா நமக்குத்தானே லாபம்” என்று வேறு நினைப்பு. அமெரிக்காவின் சிவப்புக் கிரேஃபிஷை 1970 வாக்கில் கென்யாவின் நைவாஷா ஏரியிலும், 1973இல் ஸ்பெயினிலும் கொண்டுபோய் விட்டார்கள். ஸ்பெயினில் அது நெல் வயல் வரப்புகளைத் துளைத்துத் தண்ணீரை ஒழுக விட்டது. நைவாஷாவில் நீர்த்தாவரங்களை மேய்ந்து தீர்த்தது. பளிங்குக் கோடு போட்ட இன்னொரு வகை உண்டு. அதில் ஆணே கிடையாது, ஒரே ஒரு பெண் போதும், தன்னைப் போலவே பெற்றுத் தள்ளும். மண் கரை போட்ட ஏரிகள் நிறைந்த நம் மாவட்டங்களுக்கு, வளை தோண்டுகிற வெளிநாட்டு உயிர் ஒன்று வந்து சேராமல் இருப்பதே நல்லது. ஆப்பிரிக்கக் கெளுத்தியால் பட்டது போதாதா? தடை செய்த பிறகும் கிருஷ்ணகிரிப் பக்கம் குட்டை குட்டையாக அதை வளர்த்து, அதிகாரிகள் ஜேசிபி வைத்து அழிக்க வேண்டி வந்தது.

எல்லாக் காசையும் ஒரே காசாக நினைப்பது

சண்டைகளில் முக்கால்வாசி இதிலிருந்துதான் கிளம்புகின்றன. ஒரு அணைக்குப் போனால் உங்கள் பாக்கெட்டிலிருந்து காசு போக நாலைந்து வழி உண்டு. பூங்காவுக்கு நுழைவுச் சீட்டு. வண்டி நிறுத்தக் கட்டணம், அது பெரும்பாலும் ஏலம் எடுத்தவர் வசூலிப்பது. ஒகேனக்கல் என்றால் பரிசலுக்குத் தனி. இவற்றில் எதற்கும் மீன் பிடிப்பதற்கும் சம்பந்தமே கிடையாது. “உள்ள வரதுக்கே டிக்கெட் வாங்கியாச்சு, இன்னும் எதுக்குண்ணா காசு?” என்று தூண்டிலும் கையுமாக நிற்பவர் கேட்கும்போது, அவர் பூங்காவில் உட்காரக் கொடுத்த காசை மீனுக்குக் கொடுத்ததாகக் கணக்கு வைத்திருக்கிறார்.

மீன்பிடி உரிமை வேறு சங்கதி. நீர்நிலையைப் பொறுத்து அது மீன்வளத் துறை தரும் உரிமமாக இருக்கும், மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் கையில் இருக்கும், அல்லது ஏலத்தில் எடுத்த குத்தகைதாரரிடம் இருக்கும். அரசு அணை, மக்கள் வரிப்பணத்தில் கட்டியது, ஆகவே யார் வேண்டுமானாலும் கூண்டு இறக்கலாம் என்பது தவறான முடிவு. ஒற்றைத் தூண்டிலைக் கண்டும் காணாமல் விடுகிற இடங்கள் உண்டு. அது அவர்கள் பெருந்தன்மை, உங்கள் உரிமை அல்ல. தூண்டில் ஒன்று, கூண்டு ஐந்து என்று ஆகும்போது அந்தப் பெருந்தன்மை முடிந்துவிடும். போவதற்கு முன்பே கேட்டால் பல இடங்களில் பேச்சு சுலபமாக முடிகிறது. ஒரு நாளைக்கு இவ்வளவு என்பார்கள், அல்லது பிடித்ததை எடை போட்டு விலை கொடுத்து எடுத்துக்கொள் என்பார்கள். கூண்டை இறக்கிய பிறகு கேட்டால் அதே ஆள் வேறு குரலில் பேசுவார்.

அடுத்த பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். குத்தகைதாரரின் ஆட்கள் செய்யும் தவறு, மீனை ஏலம் எடுத்ததும் ஏரியையே கிரயம் செய்துவிட்டதாக நினைப்பது. அவர் எடுத்தது மீன் பிடிக்கும் உரிமை. மாடு தண்ணீர் குடிக்க, பெண்கள் துணி துவைக்க, கரையோரம் ஊர்க்காரர்கள் நடக்கக் காசு கேட்க அதில் இடமில்லை. பாசனத்துக்கு மதகைத் திறக்காதே, மீன் செத்துவிடும் என்று சொல்லவும் முடியாது. கே.ஆர்.பி. அணையை நம்பி இரண்டு கால்வாயிலுமாகச் சுமார் 9,000 ஏக்கர் இருக்கிறது. அங்கே முதல் உரிமை வயலுக்கு. அதேபோல் ஒரு தனியாருக்கு அபராதம் விதிக்கும் அதிகாரம் கிடையாது. செல்போனையும் பைக் சாவியையும் பிடுங்கி வைத்துக்கொண்டு “ஐயாயிரம் குடுத்துட்டு எடுத்துக்கோ” என்றால், அது வசூல் என்கிற கட்டத்தைத் தாண்டிப் போலீஸ் புகாராகிவிட்டது. உங்கள் மேல் தப்பு இருந்தால் அவர் புகார் கொடுக்கட்டும். அதுதான் அவருக்கு உள்ள வழி.

கேட்க வேண்டியது ரசீது. குரலை உயர்த்தாமல் கேளுங்கள். “அண்ணா, குடுக்கறேன், ரசீது மட்டும் குடுங்க.” அதற்கு “இன்னாப்பா ரசீது, எல்லாரும்தான் குடுத்துட்டுப் போறாங்க” என்று பதில் வந்தால் அங்கே ஏதோ இடிக்கிறது என்று அர்த்தம். ரசீது தந்தால் அதைப் படியுங்கள். நீர்நிலையின் பெயர், கொடுத்தவர் யார், எதற்கான தொகை, தேதி. ‘நன்கொடை’ என்று அச்சடித்த கோயில் ரசீதைக் கிழித்துக் கொடுத்தால் அது மீன்பிடி அனுமதி ஆகாது, சாமி காரியமாகவே இருந்தாலும். ஜிபேயில் ஒருவருடைய சொந்த நம்பருக்கு அனுப்பினால் பணம் போனதற்கு மட்டும்தான் ஆதாரம், எதற்குப் போனது என்பதற்கு இல்லை. அனுப்பும்போதே குறிப்பில் இடத்தின் பெயரையும் ‘தூண்டில் கட்டணம்’ என்றும் எழுதிவிடுங்கள், பின்னால் உதவும்.

என்னைக் கேட்டால், குத்தகைதாரர் பெயர், குத்தகைக் காலம், தூண்டிலுக்கு என்ன தொகை என்று ஒவ்வொரு அணையின் நுழைவாயிலிலும் ஒரு போர்டு வைத்தாலே பாதிச் சண்டை அன்றைக்கே தீரும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பொழுதுபோக்காக மீன் பிடிப்பவர்கள் கட்டும் கட்டணம் அதற்கென்று இருக்கும் அறக்கட்டளைக்குப் போய், மீன்பிடி வசதிகளுக்கே செலவாகிறது. கொடுப்பவருக்குக் காசு எங்கே போகிறது என்று தெரியும். நம் ஊரில் கோபம் தொகையால் வருவதில்லை, அது யார் பைக்குப் போகிறது என்று தெரியாததால் வருகிறது.

தப்பான அலுவலகத்தில் புகார் கொடுப்பது

அணையின் சுவர், மதகு, ஷட்டர், கரை எல்லாம் நீர்வளத் துறையின் பொறுப்பு. 2021 வரை பொதுப்பணித் துறையோடு இருந்தது. பழக்கத்தில் இன்னும் ‘பி.டபிள்யூ.டி.’ என்றே சொல்கிறார்கள். மீன் பற்றிய கேள்வி மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு. ஊராட்சி ஏரி, குட்டை என்றால் ஊராட்சி, இல்லை ஒன்றிய அலுவலகம். மதகு ஆபரேட்டரிடம் மீன் கட்டணத்தைப் பற்றிச் சண்டை போட்டு என்ன பயன்? அவருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்பவர்கள் ‘அநியாய வசூல்’ என்று பொதுவாக எழுதுகிறார்கள். எந்த ஏரி, எந்தத் தேதி, எவ்வளவு கேட்டார்கள், ரசீது கேட்டதற்கு என்ன பதில், இவை நாலும் இருந்தால் போதும், மூன்று பக்கம் வேண்டாம். குத்தகை ஆவணத்தையே பார்க்க வேண்டும் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, குத்தகை உத்தரவின் நகலும் நிபந்தனைகளும் வேண்டும் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். ஊராட்சி ஏரி என்றால் கிராம சபையில் எழுந்து கேட்கலாம். ஏல வரவு எவ்வளவு, எதற்குச் செலவானது என்று கேட்க அங்கே யாரும் தடுக்க முடியாது.

கூண்டை ராத்திரி முழுக்க விட்டுவிட்டு வருவது

மூடிய கூண்டு வலைக்குள் நண்டு பிழைக்கும், ஆமை பிழைக்காது. அது மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். காவிரியில் நீர்நாயும் உண்டு. இரையைப் பார்த்து உள்ளே நுழைந்தால் அதோடு சரி. இதே காரணத்துக்காகத்தான், பிளாட்டிபஸ் என்கிற அந்த நாட்டு நீர்வாழ் விலங்கு மூழ்கிச் சாகிறது என்று, யாபி பிடிக்கும் மூடிய கூண்டுகளை விக்டோரியா மாநிலம் 2019இலும் நியூ சவுத் வேல்ஸ் 2021இலும் தடை செய்தன. நம் பையன்கள் வீடியோவில் பார்த்து ஆசைப்பட்ட கூண்டு அங்கேயே சட்டவிரோதம். ஆமையும் நீர்நாயும் இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. கூண்டு போட்டால் பக்கத்திலேயே உட்காருங்கள், அடிக்கடி தூக்கிப் பாருங்கள். மேல்பக்கம் திறந்த வளைய வலை இன்னும் நல்லது.

ஒகேனக்கல்லுக்கு மேலே போகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. காவிரி வடக்கு சரணாலயம் ஏற்கெனவே இருந்தது. 2022 நவம்பரில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டது, சுமார் 686 சதுர கிலோமீட்டர். சரணாலயத்துக்குள் மீன்வளத் துறை ரசீதைக் காட்டித் தப்பிக்க முடியாது, வனத் துறை வழக்குப் போடும். முதலையும் இருக்கிறது.

வெடி, கரண்ட், மருந்து

நீண்ட விளக்கம் தேவையில்லை. கிருஷ்ணகிரி குவாரி நிறைந்த மாவட்டம், தோட்டா எங்கிருந்தோ கிடைக்கிறது. தண்ணீரில் வெடி போடுவதையும் விஷம் கலப்பதையும் 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கிவிட்டது. கை போனவர்களை நம் ஊர்களிலேயே பார்க்கலாம். கரண்ட் கம்பியைத் தண்ணீரில் விட்டால், கரையில் ஈரக்காலோடு நிற்கும் ஆளும் தண்ணீருக்குள் இருக்கும் மீனும் கரண்டுக்கு ஒன்றுதான். கொசுவலையை வைத்து அரிப்பதும் இந்தக் கணக்கில் சேரும்; குஞ்சு ஒன்றும் மிஞ்சாது.

தண்ணீரையும் பார்க்காமல், நண்டையும் வேகவிடாமல்

கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்தால் வெள்ளை நுரை பொங்கிப் பறப்பதை ஓசூர்க்காரர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். பெங்களூருப் பக்கத்துக் கழிவு அது. அடியில் சேற்றைக் கிளறித் தின்னும் நண்டும் எறாவும் அந்தச் சேற்றில் இருப்பதைத்தான் தின்கின்றன. நுரை வரும் நாட்களில் அங்கே பிடித்துச் சமைக்காமல் இருப்பதே நல்லது. சளிக்கு நண்டு ரசம் வைக்கிறவர்கள் நன்றாகக் கொதிக்க விடுங்கள். அரைவேக்காட்டு நன்னீர் நண்டிலிருந்து நுரையீரல் புழு தொற்றுவது வடகிழக்கு மாநிலங்களில் பதிவாகியிருக்கிறது. இருமலும் ரத்தமுமாக வருவதால் காசநோய் என்று தவறாக மருந்து கொடுப்பதும் நடக்கிறது.

மழைக் காலத்தில் அணைக்குக் கீழே ஆற்றுக்குள் இறங்காதீர்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மேலே கெலவரப்பள்ளியில் திறந்த தண்ணீர் வந்துகொண்டிருக்கலாம். 2017 நவம்பரில் கே.ஆர்.பி. அணையின் ஒரு ஷட்டரே உடைந்து தண்ணீர் பாய்ந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரி நிரம்பிக் கோடி வழியாக உபரி நீர் போகும்போது மீன் துள்ளுவதைப் பார்த்து வலையோடு ஓடத் தோன்றும். வழுக்குவது பெரும்பாலும் அந்தக் கோடியில்தான்.

பழைய ரசீதை நம்பிப் போவது

ஏரிக் குத்தகைகள் பலவும் பசலி ஆண்டுக் கணக்கில் ஓடுபவை, அதாவது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. போன வருஷம் சிரித்துப் பேசி அனுமதித்த அண்ணன் இந்த வருஷம் ஏலத்தில் தோற்றிருப்பார். அதே கரையில் புது ஆள் நிற்பார். குத்தகை கைமாறும் அந்த ஜூன், ஜூலை வாரங்களில் பழையவரும் வசூலிப்பார், புதியவரும் வசூலிப்பார். அந்தச் சமயத்தில் போகிறவர்கள் முந்தின நாளே மீன்வளத் துறை அலுவலகத்துக்கோ ஊராட்சிக்கோ ஒரு போன் போட்டு, இப்போது குத்தகை யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.