பேண்டு பிள்ளைக்குத் தனி வகுப்பு: நாம் செய்யும் தவறுகள்

ஜனவரியில் பள்ளி திறந்ததும், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பள்ளி பேண்டில் சேர்ந்த பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒரு கறுப்புப் பெட்டி வந்து சேரும். உள்ளே கிளாரினெட்டோ ட்ரம்பெட்டோ இருக்கும். பேண்டு ஆசிரியர் பார்த்துக்கொள்வார், தனி வகுப்பெல்லாம் பிறகு ஆகட்டும் என்று நாமும் இருந்துவிடுகிறோம். என் மகன் விஷயத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன். இன்றைக்கும் எனக்கு அதில் வருத்தம் உண்டு.

முப்பது பிள்ளைகள் சேர்ந்து ஊதும்போது, எவ்வளவு நல்ல ஆசிரியராக இருந்தாலும் ஒரு பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கன்னத்தை உப்பவைத்து ஊதுவது, கிளாரினெட்டின் ரீடை (வாய் வைக்கும் இடத்தில் அதிரும் மெல்லிய தகட்டை) கடித்துப் பிடிப்பது, ட்ரம்பெட்டின் மௌத்பீஸை (வாய் வைத்து ஊதும் பகுதியை) உதட்டில் அழுத்துவது எல்லாமே கூட்டத்து ஓசையில் மறைந்துபோகும். கிளாரினெட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. கீழ்ப்பகுதியில் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து மேலே போனால், ஓரிடத்தில் துளைகள் எல்லாம் திறந்திருக்கும். அதைத் தாண்டினால் அடுத்த ஸ்வரத்துக்கு ஏறக்குறைய எல்லாத் துளைகளையும் ஒரே சமயத்தில் மூட வேண்டும். என் மகன் அந்த இடம் வரும்போதெல்லாம் ஊதாமல் விரலை மட்டும் அசைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். ஒரு வருஷம் யாருக்கும் தெரியவில்லை. தனி ஆசிரியர் முதல் வகுப்பிலேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் ஒரு வருஷப் பழக்கத்தைத் திருத்த மாதக்கணக்கில் ஆயிற்று. முடிந்தால் முதல் டெர்மிலேயே தொடங்கிவிடுங்கள்.

நம் வீடுகளுக்கே உரிய தவறு ஒன்று, சுருதியைத் தவறாகப் புரிந்துகொள்வது. வெள்ளிக்கிழமை தேவாரம் பாடும்போது தாத்தா ஆர்மோனியத்தில் ஒரு கட்டைச் சுருதி, அதாவது மேற்கத்தியக் கணக்கில் 'சி', வைத்தார். பேரன் கிளாரினெட்டில் தனக்குச் சொல்லிக்கொடுத்த 'சி'யை ஊதினான். இரண்டும் சேரவில்லை. கருவி கெட்டுப்போய்விட்டது என்றார் தாத்தா. பிள்ளை முகம் வாடிப்போனான். உண்மையில் இருவர் மேலும் தப்பில்லை. பள்ளிகளில் வழக்கமாகத் தரும் கிளாரினெட்டில் 'சி' என்று எழுதியிருப்பதை ஊதினால் ஒலிப்பது பி ஃபிளாட், நம் கணக்கில் ஆறரைக் கட்டை. ட்ரம்பெட்டும் பெரும்பாலும் அப்படித்தான். ஆல்டோ சாக்ஸபோனில் அதே 'சி' இரண்டரைக் கட்டையாக ஒலிக்கும். தாத்தாவின் ஒரு கட்டையோடு சேர வேண்டுமானால் கிளாரினெட்காரன் 'டி'யிலிருந்து தொடங்க வேண்டும். தனி வகுப்பில் இதைக் கேட்டபோது ஐந்து நிமிஷத்தில் புரிய வைத்துவிட்டார்கள். இப்போது தாத்தா எந்தக் கட்டை சொன்னாலும் அவனே மாற்றிப் பிடித்துக்கொள்கிறான். வீட்டில் பாடுவதற்கும் பள்ளியில் வாசிப்பதற்கும் இப்படி ஒரு பாலம் போட்டுத்தர தனி ஆசிரியரால்தான் முடியும். அதைக் கேட்டு வாங்காமல் விடுவது பெரிய நஷ்டம்.

பியானோ ஆசிரியரிடமே இதையும் கற்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. இசைத்தாள் வாசிப்பும் தாளமும் வரும், மூச்சும் உதடும் வராது. அந்தக் கருவியை ஊதுகிறவரையே தேடுங்கள்.

யூனிசா (தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம்), லண்டனின் டிரினிட்டி, ராயல் ஸ்கூல்ஸ் ஆகியவை நடத்தும் இசை கிரேடு தேர்வுகள் நல்லவைதான். ஆனால் வருஷம் முழுக்கத் தேர்வுக்கான சில உருப்படிகளையே அரைத்துக்கொண்டிருந்தால், பேண்டில் புது இசைத்தாளை நீட்டும்போது பிள்ளை திணறும். பேண்டுப் பாட்டின் தாளையும் தனி வகுப்புக்குக் கொடுத்தனுப்புங்கள். தடுமாறும் நான்கு பார்களை (தாளில் கோடு போட்டுப் பிரித்த பகுதிகளை) பென்சிலால் வட்டமிட்டுக் கொண்டுபோகச் சொல்லுங்கள். தனி வகுப்பு நடப்பதைப் பேண்டு ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். இருவரும் வேறு வேறு விதமாகச் சொன்னால் குழம்புவது பிள்ளைதான்.

அப்புறம் இன்னொரு தவறு, வகுப்புக்கு முந்தின நாள் மட்டும் ஒரு மணி நேரம் ஊதுவது. உதடும் தசைதானே, தினம் பதினைந்து நிமிஷம் கொடுத்தால்தான் வலுவாகும். எப்போதும் முதல் வரியிலிருந்தே தொடங்கினால் முதல் வரி மட்டும் அழகாக இருக்கும், சிக்கலான இடம் அப்படியே நிற்கும்.

ஊதி முடித்ததும் உள்ளே துணி விட்டு ஈரத்தை எடுக்க வேண்டும். டர்பனின் கடற்காற்றில் மூடிய பெட்டி லேசில் காயாது. ரீடும் ஒன்றையே தேயவிடாமல் மூன்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

கட்டணம் இடிக்கிறதென்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு வகுப்பு போதுமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஒரே கருவி வாசிக்கும் இரண்டு பிள்ளைகள் ஒரு வகுப்பைப் பகிர்ந்துகொள்ளவும் சில ஆசிரியர்கள் சம்மதிப்பார்கள். எங்கள் மகன் இப்போது அப்படித்தான் போகிறான், பக்கத்துத் தெருப் பெண்ணோடு.