துருவும் பூவும் ஒரே ஃபிரேமில்

மூடிக்கிடக்கும் ஆலை நிலத்துக்குப் போய், பின்னணியை முழுக்கக் கரைத்துவிட்டுப் பூவை மட்டும் படமெடுத்து வருவதில் பயனில்லை. அந்தப் படத்தை எந்தப் பூந்தொட்டியிலும் எடுக்கலாம். பூ எதன்மேல் நிற்கிறது என்பது தெரிய வேண்டும். துரு, உலைக்கசடு, வெடித்த காங்கிரீட் என்று பார்ப்பவர் அடையாளம் காணும் அளவுக்காவது.

இடம் தேடும்போது முதலில் மண்ணைப் பாருங்கள். கசடும் செங்கல் தூளும் கலந்த தரையில் சத்து குறைவு, தண்ணீரும் தங்காது. கொழுத்த மண்ணில் மற்றதையெல்லாம் அமுக்கிவிடும் புற்கள் இங்கே ஓங்க முடியாததால்தான் சின்னச் செடிகளுக்கு இடம் கிடைக்கிறது. இங்கிலாந்தில் போல்டன் அருகே நாப் எண்டில், பழைய சோடா ஆலை கொட்டிய காரக் கழிவின்மேல் ஆர்க்கிட்களே பூக்கின்றன. ஆகவே பச்சைப்பசேலென்ற மூலையை விட்டுவிட்டு, தண்டவாள ஜல்லியிலும் சுவரடியிலும் தள விரிசலிலும் தேடுங்கள். அனுமதி வாங்காமல் நுழையாதீர்கள். 1985-இல் மூடிய இரும்பாலையைப் பூங்காவாக்கிய ஜெர்மனியின் டூயிஸ்பர்க்-நோர்ட் போன்ற பொது இடமென்றால் இந்தத் தொல்லை இல்லை.

அந்த மண்ணில் ஈயமோ ஆர்சனிக்கோ இருக்கலாம். உடைந்து கிடக்கும் கூரைத் தகடு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும், தொடாதீர்கள். தரையோடு படுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்பதால் தடித்த தார்ப்பாய் கட்டாயம். திரும்பும்போது மண் பட்ட பக்கத்தை உள்ளே மடித்து, தனிப் பையில் போடுங்கள். ஆணி துளைக்காத அடியுள்ள பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். புதருக்கடியில் மூடியில்லாத குழிகள் இருக்கும், கம்பால் தட்டிப் பார்த்தே காலை வையுங்கள்.

லென்ஸ் விஷயத்தில் 90 முதல் 105 மி.மீ. வரையிலான மேக்ரோ (சின்னப் பொருளை மிக நெருங்கி எடுக்கும் லென்ஸ்) போதும். ஃபுல் ஃபிரேம் (36 × 24 மி.மீ. சென்சார்) கேமராவில் 1:1 அளவுக்கு, அதாவது பூ சென்சாரில் அதன் நிஜ அளவிலேயே விழும்வரை நெருங்கினால், எஃப்/8-இல் (எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துளை சிறுக்கும்) கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய 1 மி.மீ.தான், பாதி அளவுக்குப் பின்வாங்கினால் 3 மி.மீ. அருகில் வரும். ஆழம் வேண்டுமென்று 1:1-இல் எஃப்/16, எஃப்/22 என்று போனால் சின்னத் துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுக்க மழுங்கும். பின்வாங்குவதே மேல், நிலமும் உள்ளே வரும். பூ அரை மீட்டரிலும், ரிவெட் அடித்த இரும்புத் தகடு அதற்கு 30 செ.மீ. பின்னாலும் இருந்தால், எஃப்/8-இல் ரிவெட்டுகள் மங்கலாக, ஆனால் ரிவெட்டுகளாகவே தெரியும். எஃப்/2.8-இல் வெறும் பழுப்புக் கறை. ஆலையின் உருவமே வேண்டுமென்றால் 24 அல்லது 35 மி.மீ. லென்ஸோடு பூவை ஒட்டிப் படுத்துவிடுங்கள்.

காற்றுதான் பெரிய எதிரி. விடிந்த முதல் ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அசையும் தண்டுக்கு 1/250 நொடியாவது வேண்டும், ஐ.எஸ்.ஓ.வை (சென்சாரின் ஒளியுணர்வை) 800-க்கு ஏற்றத் தயங்காதீர்கள். பல ஃபோகஸில் எடுத்து இணைப்பதெல்லாம் இலை அசையாத நாளுக்குத்தான். அசைந்தால் இதழோரம் இரட்டையாகிவிடும்.

நிறத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். மஞ்சள், ஆரஞ்சுப் பூக்கள் துருவோடு கலந்து காணாமல் போகும். அவற்றைச் சாம்பல் காங்கிரீட்டின் முன்னால் நிறுத்தும்படி கோணம் மாற்றுங்கள். துருவுக்கு முன்னால் வெள்ளையும் ஊதாவும் எழுந்து நிற்கும். மழை விட்டதும் துரு ஆழ்ந்த நிறத்துக்கு வரும், ஈரப் பளபளப்பை போலரைசர் ஃபில்டர் அடக்கும். ஆனால் அது 1.5 முதல் 2 ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்) ஒளியைத் தின்னும். வெள்ளைப் பூ ஃபிரேமை நிறைத்தால் கேமரா அதைச் சாம்பலாக்கும், எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் (வெளிச்சத் திருத்தத்தில்) +0.7 கொடுங்கள். இருண்ட தகட்டின் முன்னால் சின்னதாக நின்றால் இதற்கு நேர்மாறு, −0.7. மஞ்சளுக்கு சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிற ஹிஸ்டோகிராமையும் (ஒளியளவு வரைபடம்) பாருங்கள்: மொத்த வரைபடம் ஒழுங்காகக் காட்டும்போதே சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டியிருக்கும், இதழ் நரம்புகள் போய்விடும். ரா கோப்பிலேயே (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுங்கள்.

ஷட்டரை அழுத்தும் முன் இதழைத் திரையில் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். துருத்தூள் கரும்புள்ளிகளாக ஒட்டியிருக்கும். பிரஷ்ஷால் தட்டினால் தேய்ந்து கறையாகும், ரப்பர் ஊதுகுழலால் லேசாக ஊதினால் போதும். சிலந்தி நூலை விட்டுவைப்பது உங்கள் விருப்பம். செடியைப் பிடுங்கி இடம் மாற்றி எடுப்பதும், பின்னால் துருப்பிடித்த சக்கரத்தைத் தூக்கி வைப்பதும் வேண்டாம். பார்த்தாலே தெரிந்துவிடும்.

24 மெகாபிக்சல் கோப்பு 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) சுமார் 50 × 34 செ.மீ. பிரிண்ட் தரும். பருத்திக் காகிதத்தில், மேட் பூச்சில் துருவின் இருண்ட பழுப்பு கறுத்துவிடும் என்பதால் முதலில் சின்னத் துண்டு ஒன்றை அச்சிட்டு, நிழல்களைத் தேவையான அளவு தூக்குங்கள். தலைப்பில் செடியின் பெயரையும் அங்கே என்ன ஆலை இருந்தது என்பதையும் எழுதலாம். அரிய ஆர்க்கிட் என்றால் மட்டும் கோப்பிலுள்ள ஜி.பி.எஸ். விவரத்தை அழித்துவிட்டு வெளியிடுங்கள், தோண்டி எடுத்துப் போக ஆள் இருக்கிறார்கள்.