சிலிண்டர் லாபமா, கரண்ட் லாபமா? ஜூல் போட்டுக் கணக்குப் பார்ப்போம்

காரைக்குடி வீட்டுக்கு இண்டக்‌ஷன் அடுப்பு வந்த அன்றே அப்பத்தா கேட்டார்கள்: "கேஸவிட இது லாபமாப்பா?" சிலிண்டர் கிலோவில் வருகிறது, கரண்ட் யூனிட்டில் வருகிறது. எப்படி ஒப்பிடுவது?

முதல் வேலை, எல்லாவற்றையும் ஆற்றலின் பொது அலகான ஜூலுக்கு மாற்றுவது. மூன்று எண்கள் போதும்:

1 யூனிட் (கிலோவாட் மணி) = 36,00,000 ஜூல்
1 கிலோகலோரி = 4,184 ஜூல்
1 பிடியு (BTU, ஏசியில் போட்டிருக்கும் வெப்ப அலகு) = 1,055 ஜூல்

ஜூலுக்கு வந்தபின், வேண்டிய அலகின் எண்ணால் வகுத்தால் முடிந்தது.

நான் சறுக்கியது வாட்டில். அடுப்பில் 2000 வாட் என்று போட்டிருந்தது. ஊறவைத்த கவுனி அரிசி வேக 40 நிமிடம். 2000 × 40 = 80,000 ஜூல், அதாவது 0.022 யூனிட். "காசே ஆகாது அப்பத்தா" என்றேன். இரண்டு மாதம் கழித்து ரீடிங் எடுத்ததும் வெள்ளை அட்டையை என் முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்கள்.

வாட் என்றால் நொடிக்கு ஒரு ஜூல். நிமிடத்தை நொடியாக்க நான் மறந்திருந்தேன். 2000 × 40 × 60 = 48,00,000 ஜூல். 36 லட்சத்தால் வகுத்தால் 1.33 யூனிட். சரியாக 60 மடங்கு பிசகு! (இது முழு வேகத்தில் ஓடினால். கொதித்ததும் குறைத்து வைத்தால் செலவு குறையும்.)

இப்போது சிலிண்டர். ஒரு கிலோ சமையல் கேஸில் ஏறக்குறைய 460 லட்சம் ஜூல். 14.2 கிலோவுக்குப் பெருக்கி, 36 லட்சத்தால் வகுத்தால் சுமார் 181 யூனிட். ஆனால் கேஸ் அடுப்பில் மூன்றில் ஒரு பங்கு சூடு பாத்திரத்தில் ஏறாமலே போய்விடும், மிச்சம் 120. இண்டக்‌ஷனிலும் கொஞ்சம் வீணாகும். ஆக, ஒரு சிலிண்டர் வேலைக்கு 140 யூனிட் என்று வைத்து, உங்கள் கட்டணத்தால் பெருக்கிப் பாருங்கள்.

மாற்றித்தரும் ஆப்கள் எனக்குப் பிடிக்காது. நொடியை மறந்தால் அவை கேட்காது. பேப்பரும் போன் கால்குலேட்டரும் போதும்.

பின்சேர்க்கை: பிஸ்கட்டில் இத்தனை கலோரி என்று பேச்சுவழக்கில் சொல்கிறோமே, அந்தக் கலோரி கிலோகலோரிதான் என்று ஒருவர் கமெண்டில் நினைவூட்டினார். சரி. ஏசியில் 18,000 பிடியு என்பதும் ஒரு மணி நேரத்துக்கானது. அது வெளியேற்றும் சூடு, இழுக்கும் கரண்ட் அல்ல.

இன்னொருவர் வெண்கலப் பானை பற்றிக் கேட்டார். காந்தம் ஒட்டாத பாத்திரம் இண்டக்‌ஷனில் சூடாகாது. அப்பத்தா கவுனி அரிசியை மறுபடி வெண்கலப் பானைக்கே, கேஸுக்கே மாற்றிவிட்டார்கள்.